சொல்வோரும் இசைப்போரும் ஓர் அவையில்: தென்காசி வட்டாரம் தந்த இரு முன்னோடிகள்

முன்னுரை

மாநாடு அல்லது கருத்தரங்கு ஒன்றில் உரையாற்ற வருவோரையும் கலை நிகழ்த்த வருவோரையும் அவைக்கு அறிமுகம் செய்தல் ஒரு சிறு சடங்கு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. நிகழ்ச்சி நிரலில் அதற்கென்று ஐந்து நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் யாருடைய பெயர் சொல்லப்படுகிறது, யாருடைய பெயர் விடப்படுகிறது, யார் மேடையின் நடுவிலும் யார் அதன் ஓரத்திலும் அமர்த்தப்படுகின்றனர் என்பவற்றை உற்று நோக்கினால், அறிவு யாரிடம் உள்ளது என்று அந்த அவை நம்புகிறது என்பது தெளிவாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகம் ஒன்றில் நடைபெற்ற கருத்தரங்கிற்கு நாம் சென்றிருந்தோம். கட்டுரை படிக்க வந்த பேராசிரியர்களின் பட்டங்களும் நூல்களும் பதவிகளும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்பட்டன. உணவு இடைவேளைக்குப் பின்னர் நையாண்டி மேளம் வாசிக்க வந்த கலைஞர்களோ 'குழுவினர்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிப்போயினர். அவர்களுள் ஒருவரது பெயரும் அவைக்குத் தெரிவிக்கப்படவில்லை. அன்றைய கருத்தரங்கின் பொருளோ நாட்டுப்புற இசை! அவ்விசையை அறிந்தோர் பெயரற்றவராக நிற்க, அவ்விசையைப்பற்றி எழுதினோர் பெயர் பெற்றனர். நம் திருச்சபை மாநாடுகளிலும் இதற்கு மாறான நிலை உள்ளது என்று நாம் துணிந்து கூற இயலாது.

இந்த முரண்பாடே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. சொல்வோரையும் இசைப்போரையும் ஒத்த மதிப்புடன் ஓர் அவையில் அமர்த்திய முயற்சிகள் நம் நாட்டில் இருந்தனவா என்று வினவியபோது, தென்காசியையும் குற்றாலத்தையும் சூழ்ந்த சிறு நிலப்பரப்பு நமக்கு இருவரைக் காட்டியது. ஒருவர் சாம்பவர் வடகரையில் பிறந்த கிறிஸ்தவராகிய ஆபிரகாம் பண்டிதர் (1859-1919). மற்றவர் தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்டு, குற்றாலத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954). சமயத்தாலும் தொழிலாலும் இயல்பாலும் வேறுபட்ட இவ்விருவரும் ஒரு செயலில் ஒன்றுபடுகின்றனர். இருவரும் தம்மைவிடப் பிறரை அவை அறியச் செய்வதில் தம் பொருளையும் காலத்தையும் செலவிட்டனர். அவர்தம் முயற்சியின் சிறப்பையும் குறையையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

கட்டியக்காரனும் குறத்தியும்

அவைக்கு ஒருவரை அறிமுகம் செய்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குற்றாலநாதரின் உலாவை அறிவிக்கக் கட்டியக்காரன் வருகிறான். வரவிருக்கும் தலைவரின் பெருமையைக் கூறி, கூடியிருப்போரை ஆயத்தப்படுத்துவது அவன் பணி. அப்பணி முடிந்ததும் கதை அவனைவிட்டு அப்பால் சென்றுவிடுகிறது. இது அறிமுகத்தின் ஒரு முறை.

அதே நூலில் வேறொரு முறையும் உண்டு. குறத்திக்குக் கட்டியம் கூற எவரும் இல்லை. அவளைக் கண்ட வசந்தவல்லி அவளுடைய மலையின் வளத்தைக் கூறுமாறு கேட்கிறாள். குறத்தியும் தன் மலையையும் தன் நாட்டையும் தான் குறி சொல்லும் திறத்தையும் தானே பாடுகிறாள். உயர்குடியில் பிறந்த தலைவி கேட்பவளாகவும், மலைவாழ் மகள் அறிந்து உரைப்பவளாகவும் அங்கே இடம் மாறி நிற்கின்றனர். பிறரைப்பற்றி நாம் பேசுவது மட்டும் அறிமுகம் அன்று. தம்மைப்பற்றி அவர் பேசுமாறு உரிய வினாவை எழுப்புவதும் அறிமுகமே என்பது இதனால் புலனாகும்.

இக்குறவஞ்சி வடிவத்தை நம் முன்னோர் அயலானதாகக் கருதவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்ட வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். திருநெல்வேலியில் தோன்றித் தஞ்சையில் தழைத்த இவ்வரிசையில் அடுத்து வருபவரே நாம் முதலில் காணவிருக்கும் ஆபிரகாம் பண்டிதர்.

பண்டிதர் கூட்டிய அவை

ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆகஸ்ட் 2ஆம் நாள் சாம்பவர் வடகரையில் பிறந்தார். அவ்வூர் இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், அங்கேயே சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் இசை பயின்றார். பின்னர்த் தஞ்சைக்குக் குடியேறி, மனைவியாருடன் பள்ளிப் பணியாற்றினார். நாளடைவில் அப்பணியை விட்டுச் சித்த மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். அவருடைய மருந்துகள் பரவலாக விற்பனையாயின. தஞ்சைக்கு அருகே கருணாநந்தபுரம் என்னும் பெரும் பண்ணையையும் அவர் உருவாக்கினார். மருத்துவத்தாலும் வேளாண்மையாலும் ஈட்டிய பொருளை அவர் செலவிட்ட வகையே நம் கருத்துக்குரியது.

1912 மே மாதம் 27ஆம் நாள் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. 1914 வரை அங்கே இத்தகைய மாநாடுகள் ஆறு நடைபெற்றன. செலவு முழுவதையும் பண்டிதரே ஏற்றார். வாய்ப்பாட்டில் வல்லோர், வீணை வித்துவான்கள், கதாகாலட்சேபம் செய்வோர், இசை இலக்கண நூல்களைக் கற்றோர், இசையார்வமுடைய அலுவலர் எனப் பலதிறத்தார் ஒருங்கே அமர்ந்தனர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் அவ்வவைக்கு வந்தோருள் ஒருவர்.

இவ்வவையின் சிறப்பை உணர வேண்டுமாயின் அக்காலச் சமுதாய நிலையை நாம் நினைவில் கொள்ளவேண்டும். பண்டிதர் நாடார் குலத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றியவர். கமுதிக் கோயிலினுள் நாடார்கள் நுழைதல் கூடாது என்னும் தீர்ப்பை இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் உறுதி செய்தது 1908ஆம் ஆண்டில். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, அக்குலத்தில் பிறந்த ஒருவர், பெரும்பாலும் பிராமணரும் இசை வேளாளருமே உரிமை கொண்டாடிய ஒரு கலையின் வல்லுநர்களைத் தம் அழைப்பின்பேரில் ஓரிடத்தில் கூட்டினார். பிறரை அவைக்கு அறிமுகம் செய்யும் தகுதி தமக்கு உண்டா என்று கேட்கப்படக்கூடிய நிலையிலிருந்தவர், அக்கேள்விக்கு விடையாக அவையையே கூட்டிக் காட்டினார் எனலாம். அழைக்கப்பட்டோர் வந்தனர் என்பது அவர்தம் பெருந்தன்மைக்கும் சான்று.

பண்டிதர் ஏன் இசைப்போரையும் இலக்கணம் உரைப்போரையும் பிரிக்காமல் அழைத்தார்? அதற்குக் காரணம் அவர் ஆராய்ந்த பொருளிலேயே இருந்தது. ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை என்பதே அவர் எழுப்பிய வினா. இருபத்திரண்டு என்பது சாரங்கதேவர் முதலியோர் நூல்களைத் தழுவிய பெருவழக்கு. சிலப்பதிகாரத்தையும் அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையையும் ஆதாரமாகக் கொண்டு, இருபத்துநான்கு என்று பண்டிதர் வாதிட்டார். ஆயப்பாலையில் பன்னிரண்டு, வட்டப்பாலையில் இருபத்துநான்கு, திரிகோணப்பாலையில் நாற்பத்தெட்டு, சதுரப்பாலையில் தொண்ணூற்றாறு எனப் பகுப்பு நுணுகிச் செல்வதாக அவர் விளக்கினார்.

இக்கேள்வியை ஏட்டில் மட்டும் தீர்த்துவிட இயலாது. தந்தியின் பாதி நீளத்தில் மேல் ஸ்தாயியின் சட்சம் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் பஞ்சமம் ஒலிக்கும். பஞ்சமத்திற்குப் பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால் ஏழு ஸ்தாயிகளைக் கடந்து, தொடங்கிய சுரத்திற்கே வந்து சேரவேண்டும். ஆயின் கணக்கிட்டுப் பார்த்தால் முடிவு சற்று மிகுந்து நிற்கும். அம்மிகுதியை எவ்வாறு பகிர்வது என்பதே சுருதி ஆராய்ச்சியின் முடிச்சு. சம அளவாகப் பகிர்வதே முறை என்பது பண்டிதர் முடிவு. இதனைக் கணிதம் அறிந்தவர் எழுதிக் காட்டலாம். ஆனால் பாடகரின் குரலும் வீணையின் மெட்டும் அதற்கு இசைகின்றனவா என்பதைப் பாடிக் கேட்டே அறியவேண்டும். எனவே பண்டிதர் கூட்டிய அவையில் கலைஞர் கேட்போரை மகிழ்விக்க வந்தவர் அல்லர். உண்மையை உறுதிசெய்ய வந்த சாட்சிகள் ஆவர்.

பரோடாவில் ஒரு சாட்சி

இதே நோக்கத்தைப் பண்டிதர் வட நாட்டிற்கும் கொண்டு சென்றார். 1916 மார்ச்சு மாதத்தில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு நடைபெற்றது. மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட் அதற்குப் புரவலராக இருந்தார். பண்டித பாத்கண்டே அதனை முன்னின்று நடத்தினார். இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை அறிவியல் முறையில் நிறுவ முயன்ற கே. பி. தேவல், ஆங்கில ஆட்சிப் பணியாளராகிய கிளெமென்ட்ஸ் ஆகியோர் கருத்துகளும் அங்கே விவாதிக்கப்பட்டன. சமஸ்கிருத நூல்வல்லோரும், முஸ்லிம் உஸ்தாதுகளும், ஆங்கிலேயரும், தென்னாட்டு வித்துவான்களும் கலந்துகொண்ட அவை அது.

அவ்வவையில் பண்டிதர் தம் ஆய்வை எடுத்துரைத்தபோது, அவருடைய புதல்வியர் வீணையிலும் பாட்டிலும் அதனை நிகழ்த்திக் காட்டினர். குடும்பப் பெண்கள் பொது அவையில் இசைப்பதைச் சமுதாயம் ஐயத்துடன் நோக்கிய காலம் அது. கோயிலையும் அரசவையையும் சார்ந்திருந்த ஆடல் பாடல் மகளிரின் கலை இழித்துப் பேசப்பட்டு வந்த காலமும் அதுவே. அத்தகைய காலத்தில் தஞ்சையிலிருந்து சென்ற கிறிஸ்தவப் பெண்கள் ஓர் ஆய்வின் சாட்சிகளாக அகில இந்திய அவையின்முன் அமர்ந்தனர். தந்தையார் உரைத்ததன் உண்மை மகளிரின் விரல் நுனியில் சோதிக்கப்பட்டது. நம் திருச்சபை வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சி பெற்றிருக்கும் இடம் மிகச் சிறிது என்பது வருந்தத்தக்கது.

1917இல் பண்டிதரின் பெருநூலாகிய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. இருபத்திரண்டு சுருதி என்று கொண்டோரின் கணக்குகளை அவர் அதில் தனித்தனியே எடுத்துக்காட்டி மறுக்கிறார். மறுக்கும் இடத்திலும் மாற்றாரின் கருத்தை வாசகர் முதலில் அறியுமாறு செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1919இல் அவர் மறைந்தபின், அவர் மகளார் மரகதவல்லி துரைராஜ் 1946இல் அந்நூலின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். பரோடாவில் தந்தையாரின் ஆய்வுக்குச் சாட்சியாக நின்ற குடும்பம், அவர் எழுத்தையும் அடுத்த தலைமுறைக்கு அறிமுகம் செய்தது.

வட்டத்தொட்டியும் குற்றாலமும்

பண்டிதர் கூட்டியது முறைப்படியான மாநாடு. அழைப்பும் நிகழ்ச்சி நிரலும் கொண்டது. டி. கே. சி. கூட்டியதோ நண்பர் குழாம். சட்டம் பயின்றவரும், சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தவரும், பின்னர் இந்து அறநிலையங்களின் ஆணையராகப் பணியாற்றியவருமான அவர், 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்த தம் இல்லத்தில் ஞாயிறுதோறும் மாலையில் அன்பர்களைக் கூட்டினார். வீட்டினுள் அமைந்த வட்டமான தொட்டிக்கட்டில் அமர்ந்து பேசியமையால் அக்கூட்டம் வட்டத்தொட்டி என்று பெயர் பெற்றது. வட்டத்திற்குத் தலைப்பக்கம் என்று ஒன்றில்லை. நீதிபதியும் எழுத்தாளரும் வணிகரும் மாணவரும் அங்கே ஒருவரை ஒருவர் நோக்கி அமர்ந்தனர்.

பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது, அவ்வில்லமே தமிழன்பர்களின் தங்குமிடமாயிற்று. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கி அருவிகளில் நீர் பெருகும்போது விருந்தினரும் பெருகினர். இராஜாஜி, கல்கி, நீதிபதி எஸ். மகாராஜன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அவரோடு நெருங்கிய தொடர்புடையோர். நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் கவிதைகளைத் தமிழுலகம் சுவைக்குமாறு செய்ததில் டி. கே. சி.க்குப் பெரும் பங்குண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த இளைஞர்களான கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அவரை நாடிச் சென்றவர்களே.

இவ்விளைஞர்களுள் கி. ராஜநாராயணனின் வாழ்வு நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. உயர்கல்வி பெறாத உழவர் அவர். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறவியலுக்கு வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. 2021இல் மறைந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றேழு. பட்டம் இல்லாத ஒருவரைப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொள்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, குற்றாலத்து அவையில் அவருக்கு இடம் இருந்தது.

டி. கே. சி. பிறரை அறிமுகம் செய்த முறை தனித்தன்மை உடையது. புலவரின் ஊர், காலம், இயற்றிய நூல்கள் என்னும் பட்டியலை அவர் முதன்மையாகக் கொள்ளவில்லை. ஒரு பாடலை எடுத்துக்கொள்வார். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்தவேண்டிய சொல்லை அழுத்தி, மீண்டும் மீண்டும் சொல்லுவார். கேட்போரின் செவியில் அதன் தாளம் படிந்தபின்னரே பொருளைத் திறப்பார். அதாவது, பாடியவரை அவைக்குக் காட்டுவதற்கு முன் அவையின் செவியை அவர் பண்படுத்தினார். கேட்கும் ஆற்றலைக் கேட்போரிடம் எழுப்புவதே நல்ல அறிமுகம் என்பது அவர் வழி உணர்த்தும் பாடம்.

அண்ணாமலை நகரில் எழுந்த வினா

1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941 ஆகஸ்டு மாதம் தமிழிசை மாநாடு கூடியது. அதன் நிறுவனராகிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் அதற்கு ஊக்கமளித்தார். பல்கலைக்கழக வளாகமொன்றில் அறிஞரும் இசைவாணரும் ஒரே பொருள்பற்றிக் கூடிய அம்மாநாடு, தமிழ்நாட்டு இசை மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் முதன்மை பெறவேண்டும் என்று வலியுறுத்தியது. தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்த கீர்த்தனைகளைப் பாடிவிட்டு, இறுதியில் துக்கடாவாக மட்டும் தமிழ்ப் பாடல்களைப் பாடும் வழக்கம் அன்று நிலவியது.

எதிர்ப்பும் எழுந்தது. இசைக்கு இசையின் தரமே அளவுகோல். மொழி அன்று என்று சென்னை மியூசிக் அகாதெமியைச் சார்ந்தோர் வாதிட்டனர். இவ்வாதத்தை இழிவாக எண்ணித் தள்ளிவிடல் ஆகாது. தியாகராசர், சியாமா சாஸ்திரிகள், முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். அவர்தம் படைப்புகள் தமிழ் மண்ணிலேயே மலர்ந்தவை. அவற்றை அயலார் இசை என்று புறக்கணித்தால் இழப்பு நமக்கே. எனினும் டி. கே. சி.யும் கல்கியும் அவர்களோடு நின்றோரும் எழுப்பிய வினா வேறு. பாடுபவர் உள்ளம் உருகிப் பாடுகிறார்; கேட்பவருக்கோ சொல் விளங்கவில்லை; அவ்விருவருக்கும் இடையே உண்மையான சந்திப்பு நிகழ்ந்ததா? பாடகரின் பெயர் அனைவருக்கும் தெரிந்திருந்தும் பாட்டு அறிமுகமாகவில்லை என்பதே அவர்தம் குறை.

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1949 முதல் அச்சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. தேவாரப் பண்களை வழிவழியாகப் பாடிவரும் ஓதுவார்கள் பாடிக் காட்ட, இசையறிஞர் அவற்றை ஆராய்ந்து விவாதித்தனர். கோயிலில் சிறு ஊதியத்திற்குப் பாடிய ஓதுவாரின் நினைவே அங்கே மூலச்சுவடியாக மதிக்கப்பட்டது. 1912இல் பண்டிதர் தஞ்சையில் தொடங்கிய முறையே இங்கும் தொடர்ந்தது எனின் மிகையாகாது.

அறிமுகம் செய்வோர்க்கு வரும் சோதனை

இம்முன்னோடிகளைப் போற்றும்போது அவர்தம் குறையை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. அறிமுகம் செய்பவர் தம் எல்லையைக் கடக்கும் சோதனை எப்போதும் உண்டு. டி. கே. சி. கம்பரைத் தமிழ் மக்களின் உள்ளத்திற்கு அருகில் கொண்டு வந்தார். ஆனால் கம்பராமாயணப் பாடல்களுள் பெரும் பகுதி இடைச்செருகல் என்று ஒதுக்கியதோடு, தமக்கு உவந்தவாறு சில சொற்களைத் திருத்தியும் வெளியிட்டார். ஏட்டுச் சுவடிகளின் சான்றின்றிச் சுவையுணர்வை மட்டும் அளவுகோலாகக் கொண்டமை பதிப்பறிஞர்களின் கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அவர் காட்டிய கம்பரில் எவ்வளவு கம்பர், எவ்வளவு டி. கே. சி. என்னும் ஐயம் எழுந்தது நியாயமே. அன்பின் மிகுதியாலும் ஒருவரைத் திரித்துக் காட்டிவிட இயலும் என்பதற்கு இது சான்று.

பண்டிதரிடமும் வேறொரு வகையில் இச்சோதனை உண்டு. பல கருத்தினரையும் அழைத்தவர், தாம் முன்னரே கண்ட முடிவை அவர்கள் ஏற்கவேண்டும் என்றும் விழைந்தார். அனைவரும் ஏற்கவில்லை. இருபத்திரண்டு சுருதி என்னும் வழக்கே இசை நூல்களில் இன்றும் பெரிதும் நிலவுகிறது. ஆயினும் அவர் கூட்டிய அவை வீணாயிற்று என்று எவரும் கூறார். பழந்தமிழ் இசையின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்தில் தேடவேண்டும் என்னும் வழியை அவர் திறந்தார். பின்வந்த ஆய்வாளர் அவ்வழியே சென்றனர். அவையைக் கூட்டியவரின் முடிவு ஏற்கப்படாத போதும் அவை பயன் தரும் என்பதை நாம் மறத்தலாகாது.

திருமறையின் ஒளியில்

இவ்வரலாற்றைப் படிக்கும் இறையியல் மாணவரும் ஆயரும் திருமறையில் இதற்கு இணையான பகுதிகளைக் காண்பர். அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், சவுலைக் கண்டு எருசலேமின் சீடர் அஞ்சி விலகுகின்றனர். பர்னபாவே அவரை அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் செல்கிறார். அவர் என்ன கூறினார் என்பதை லூக்கா சுருக்கமாகக் குறிக்கிறார். வழியில் சவுல் ஆண்டவரைக் கண்டதையும், ஆண்டவர் அவரோடு பேசியதையும், தமஸ்குவில் சவுல் துணிந்து பிரசங்கித்ததையும் பர்னபா எடுத்துரைத்தார். கமாலியேலின் பாதத்தில் பயின்றவர் என்னும் பட்டம் அங்கே சொல்லப்படவில்லை. அவருக்கு நேர்ந்ததும் அவர் செய்ததுமே சொல்லப்பட்டன. தம்மைவிடப் பெரியவராக வளரப்போகும் ஒருவரைக் கைபிடித்து உள்ளே அழைத்து வந்தவர் பர்னபா என்பதும் எண்ணத்தக்கது.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் பெபேயாளைப் பவுல் அறிமுகம் செய்யும் முறையும் இத்தகையதே. அவள் பெயர், அவள் ஊழியம், அவளுக்குச் சபையார் செய்யவேண்டியது ஆகிய மூன்றும் இரண்டே வசனங்களில் அடங்கிவிடுகின்றன. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பதினான்காம் அதிகாரத்திலோ, பேசுவோரையும் இசைக்கருவியையும் பவுல் ஒரே வாதத்தில் இணைக்கிறார். கருவியின் ஒலிகள் தம்முள் வேறுபாடு தோன்ற ஒலிக்காவிடில் வாசிக்கப்படுவது இன்னதென்று எவரும் அறியார். அவ்வாறே விளங்காத மொழியும் சபையைக் கட்டியெழுப்பாது என்பது அவர் கருத்து. 1941இல் அண்ணாமலை நகரில் எழுந்த வினாவிற்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது!

கற்றோரையும் கலைஞரையும் ஒருங்கே அழைக்கும் வழக்கம் திருச்சபைக்கு அயலானதன்று. அமெரிக்காவில் 1874இல் மெதடிஸ்டு போதகராகிய ஜான் வின்சென்ட், லூயிஸ் மில்லர் என்பாருடன் சேர்ந்து ஷட்டாக்குவா ஏரிக்கரையில் தொடங்கிய கூட்டம், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக எழுந்தது. நாளடைவில் அது அறிவியல், இலக்கியம், இசை, நாடகம் ஆகியவற்றுக்கும் மேடையாயிற்று. நம் நாட்டில், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940-2005), 'பரட்டை' என்று அன்புடன் அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டினுள் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்டோரின் கருவி என்று ஒதுக்கப்பட்ட பறையைத் திருச்சபைக்கு அறிமுகம் செய்தது, அதனை முழக்கும் மக்களைத் திருச்சபை அறியவேண்டும் என்னும் இறையியல் அறைகூவலாகவே அமைந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, கலைஞர் ஓர் அவையின் அலங்காரம் அல்லர். அறிவைத் தாங்கி வருவோர். அவர்தம் பெயரும் அவர்க்குக் கற்பித்தோர் பெயரும் அவைக்குச் சொல்லப்படவேண்டும். இரண்டாவது, பட்டங்களின் பட்டியல் அறிமுகம் ஆகாது. பேச வந்தவர் எவ்வினாவோடு வந்துள்ளார், அவ்வினா அவருக்கு எவ்வாறு எழுந்தது என்பதை உரைத்தல் வேண்டும். மூன்றாவது, அறிமுகம் செய்பவர் தம் விருப்பத்திற்கேற்பப் பிறரைத் திருத்திக் காட்டலாகாது. ஆகவே முன்னரே அவரிடம் சென்று, வசந்தவல்லி குறத்தியிடம் கேட்டதுபோல், அவரைப்பற்றி அவரிடமே கேட்டறிவது நன்று. நான்காவது, பணி முடிந்ததும் கட்டியக்காரனைப்போல் விலகி நிற்க அறியவேண்டும்.

இவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. அடுத்து வரும் சேகர மாநாட்டிலோ கல்லூரிக் கருத்தரங்கிலோ இன்றே தொடங்கத்தக்கவை. தவில் வாசிக்க ஒருவர் வருவாராயின், ஆயரே அவரிடம் சென்று, ஐயா, தங்கள் பெயர் என்ன, தாங்கள் யாரிடம் பயின்றீர்கள் என்று கேட்டு, அதனைச் சபையின்முன் சொல்லுவாராக. சாம்பவர் வடகரையில் பிறந்தவர் தஞ்சையில் கூட்டிய அவையும், குற்றாலச் சாரலில் கூடிய வட்டமும் நமக்குக் கற்பிப்பது இதுவே. சிறு செயல்தான், ஆயினும் அன்று அந்தச் சபையில் பெயரறியப்படாதவர் ஒருவர் குறைந்திருப்பார்.